வால் ஆடினால் கெயினைத் தொடாதீர்கள்

பெரம்பலூரில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. ரிமோட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு மூக்கைச் சொறிகிறீர்கள். மெஷின் பாட்டுக்கு அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நான் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டிய காலத்தில் மூக்கு அரித்தால் அரித்ததுதான். ஹெலியை இறக்கி வைத்துவிட்டுத்தான் சொறிய வேண்டும்.

கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போனதால் போன வருஷம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் விடுகிறீர்களா? உங்கள் பட்டறைக்கும் ஒற்றை இறக்கை ஹெலி ஒன்று வந்திருக்கிறதாம். போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். "அக்கா, ஹெலியோட வால் ஆடுச்சு. கெயினக் கொறைச்சேன், நின்னு போச்சு" என்றான். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சந்தோஷமாகச் சொன்னான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஏன் ஆடியது என்று கேட்டேன். "அதான் நின்னுடுச்சேக்கா" என்றான். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ட்ரோன் மட்டுமே பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஹெலியின் மேலே பெரிய இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் அதன் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அப்படிச் சுற்றவிடாமல் பிடித்து நிறுத்துவது வாலில் இருக்கும் குட்டி இறக்கை. வால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று விடாமல் கவனித்துத் திருத்துவது கைரோ என்ற சின்னப் பெட்டி. அந்தத் திருத்தம் எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பதுதான் கெயின். கெயின் மிஞ்சினால் வால் படபடவென்று ஆடும், உண்மைதான். ஆனால் பெல்ட் தொய்ந்தாலும் ஆடும், மூட்டு தேய்ந்தாலும் ஆடும், எங்கேயோ ஒரு திருகு தளர்ந்தாலும் ஆடும். எதற்காக ஆடினாலும் கெயினைக் குறைத்தால் ஆட்டம் அடங்கிய மாதிரி தெரியும். ராத்திரி நாய் குரைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்வதும் இதுவும் ஒன்றுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் லெப்பைக்குடிகாட்டுக்காரர். ஊரே அவரைப் பாய் என்றது, நானும் பாய் என்றேன். ஷார்ஜாவில் பொம்மை விமானம் விற்கும் கடையில் பல வருஷம் ரிப்பேர் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். எனக்கு அப்போது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை. டிவி ரிப்பேருக்கு வருகிறவர்கள் குறைந்து, நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளில், கைரோவில் ஒரு ஒயரைப் பற்றவைக்க வேண்டும் என்று அவர் வந்தார். பற்றவைத்துக் கொடுத்தேன். அப்படியே கூட்டுத்தொழிலாகிவிட்டது. சுரங்கங்களை மேலிருந்து படம் எடுத்தோம், கல்யாணங்களை எடுத்தோம், முந்திரிக்கு மருந்து தெளித்தோம், கோயில்களுக்குப் பூ தூவினோம். ஓட்டுவது நான், மெஷினைப் பார்த்துக்கொள்வது அவர்.

பாயும் ஒரு காலத்தில் கெயினைக் குறைத்தவர்தான். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழிக்கு மேலே படம் எடுக்கப் போனபோது வால் ஆடியிருக்கிறது. கெயினைக் குறைத்தார், அடங்கியது. குழிக்கு நடுவே போனதும் பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. பிடிப்பில்லாத வால் தன் இஷ்டத்துக்குச் சுழன்று, ஹெலி குழித் தண்ணீரில் விழுந்துவிட்டது. "தூண்டில் போட்டவனாட்டம் கரைல உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டிருந்தேன் தங்கச்சி" என்பார். அதற்குப் பிறகு அவர் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "வால் ஆடுனா மொதல்ல கையக் கட்டு. நேத்து நல்லாருந்துச்சா? அப்ப நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேளு."

அந்தச் சட்டம் ஒரு நாள் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்கிறேன்.

ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவே ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே விசேஷம் என்றால் இன்றைக்கும் எனக்குப் பந்தியில் ஓர் இலை உண்டு, அதை நானே கெடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் புனித நீர் ஊற்றும்போது மேலிருந்து ஹெலி பூ தூவ வேண்டும். பூச்செலவு, எங்கள் செலவு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவர் தனலட்சுமி. முந்திரி உடைக்கும் பட்டறை நடத்துகிறவர், நாற்பதைத் தொட்டிருப்பார். அவருடைய கணவர் பாடாலூர்ப் பக்கம் நெடுஞ்சாலை விபத்தில் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

விழாக்குழுத் தலைவர் கெட்டவர் இல்லை. ஆனால் முதல் நாள் எங்கள் எதிரிலேயே அந்தம்மாவிடம், "பூவக் குடுத்துட்டு நீ பின்னாடி நின்னுக்கம்மா. நல்ல காரியம், முன்னாடி வர வேணாம்" என்றார். கடையில் சில்லறை கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தனலட்சுமியும் சரிங்க என்று தலையாட்டினார். எனக்குத்தான் சுருக்கென்றது. வெளியூர்க்காரி, வாயைத் திறக்கவில்லை.

அன்றே பூக்கூடையைக் கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தோம். வால் ஆணி அடித்த மாதிரி நின்றது. மறுநாள் காலையில் கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலியை வைத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஹெலிக்குக் கல்யாணம் நடந்திருந்தது. பெரிய இறக்கையில் மாலை, காலுக்கடியில் எலுமிச்சம்பழம், முன்மூடியில் சந்தனமும் குங்குமமும். எனக்குச் சிரிப்பு வந்தது. போர்வெல் லாரியிலிருந்து மாவரைக்கும் மெஷின் வரைக்கும் பொட்டு வைக்கிற ஊரில் ஹெலியை மட்டும் விட்டுவிடுவார்களா? மாலையை எடுத்தோம், பழத்தை எடுத்தோம். பாய் அந்தப் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மத்தியானம் ஜூஸுக்கு ஆச்சு" என்றார். சந்தனம் மூடியில்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

அப்போது தனலட்சுமி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மாலையும் பழமும் கமிட்டிக்காரங்க வச்சது. சந்தனம் மட்டும் நான் வச்சேன். யாரும் இல்லாதப்பதான் வச்சேன். சொல்லிடாதீங்க."

"வச்சா என்ன? எதுக்குப் பயப்படறீங்க?"

"நான் குடுத்த பூவத் தூக்கிட்டுப் போவுதுல்ல. அதுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதாங்கா."

சொல்லிவிட்டு மைதானத்து ஓரமாக, வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

நேரம் நெருங்கியது. மேளம் வேகம் பிடித்தது. கோயில் பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள், கூட்டம் அந்தக் கயிற்றை மதித்ததாகத் தெரியவில்லை. பாதிப் பேர் வானத்தில் கருடனைத் தேடிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் ஹெலியைப் பார்க்க மைதானத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். கூடையில் பூவை நிரப்பி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஹெலியை இடுப்பு உயரம் தூக்கினேன்.

வால் ஆடியது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஈரக்கோழி உதறுகிற மாதிரி படபடவென்று ஆடியது. உடனே இறக்கிவிட்டேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அம்மனுக்கு இஷ்டமில்ல போலருக்கே" என்றது ஒரு குரல். "பூவு யாரு வூட்டுதுன்னு பாக்க வேணாமா?" என்றது இன்னொன்று. நான் வேப்பமரத்தடியைப் பார்த்தேன். தனலட்சுமியின் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த ஹெலி இன்றைக்குப் பறக்காமல் போனால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். பழி காலத்துக்கும் அந்தம்மா தலையில்தான். பறந்துபோய்க் கூட்டத்தில் விழுந்தாலும் பழி அவருக்குத்தான், கூடவே யாருடைய மண்டையாவது உடையும்.

தலைவர் சந்தனத் தட்டும் கையுமாக ஓடிவந்தார். "மேடம், குடத்த மேல ஏத்திட்டாங்க. லேசாத்தானே ஆடுது? பூவத்தானே கொட்டணும்? எப்படியாச்சும் தூக்கிடுங்க."

உண்மையைச் சொல்கிறேன், என் விரல் ரிமோட்டில் இருக்கும் கெயின் குமிழுக்குப் போய்விட்டது. ஒரு திருகு திருகினால் போதும், ஆட்டம் அடங்கும். கலசத்துக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? காற்றும் இல்லை. ஒன்றும் ஆகாது என்று மனசு சொல்கிறது. தம்பிகளா, ஒன்றும் ஆகாது என்று மனசு சொல்லும் அந்த நேரத்தில் யாருடைய முகத்தைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். நான் பாயைப் பார்த்தேன். அந்த மனுஷன் ஹெலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு.

"நேத்து நல்லாருந்துச்சு" என்றேன்.

"ஆமா. நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல?"

அதே பேட்டரி. அதே மைதானம். நேற்றும் இதே பூச்சுமைதான். காற்று நேற்றைவிடக் குறைவு. எதையும் கழற்றவில்லை, எதையும் மாட்டவில்லை. மாறியது ஒன்றுதான். நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஹெலியின் மேல் பல கை பட்டிருக்கிறது. அப்படியானால் கை பட்ட இடமெல்லாம் பார்க்க வேண்டும். நான் பேட்டரியைக் கழற்றினேன். பாய் மூக்கிலிருந்து தொடங்கி விரலால் தடவிக்கொண்டே போனார். வால் இறக்கையில் இரண்டு பிளேடு. முதல் பிளேடைத் தடவினார், ஒன்றுமில்லை. இரண்டாவதின் உள்பக்கம் போன விரல் அங்கேயே நின்றுவிட்டது.

எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி திருப்பிக் காட்டினார். வட்டமாக, கெட்டியாக, காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் அழகாகக் குங்குமம். மூடியில் வைத்ததை யாராவது அழித்துவிட்டாலும் இதாவது இருக்கட்டும் என்று தனலட்சுமி கண்ணில் படாத உள்பக்கமாக வைத்திருக்கிறார்.

ஒரு பொட்டு எடையா என்று கேட்காதீர்கள். அந்தக் குட்டி இறக்கை சுற்றும் வேகத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பொட்டு இருந்தாலும் வால் முழுக்க அதிரும். அந்த அதிர்வை, வால் நகர்கிறது என்று கைரோ நினைத்துக்கொள்ளும். நகராத வாலைத் திருத்தும், திருத்தியதைத் திருப்பித் திருத்தும். பாவம், அதற்கு என்ன தெரியும்?

பாய் காதோரமாகச் சொன்னார், "அந்தப் பிளேடுலயும் ஒண்ணு வச்சுட்டா சமமாயிடும் தங்கச்சி." அவசரத்திலும் அவருக்குக் குறும்பு போகாது. நடுவானத்தில் ஒன்று உதிர்ந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தார், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைத்தார். பேட்டரியை மாட்டி, பழையபடி இடுப்பு உயரம் தூக்கினேன். வால் நின்றது. இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். நின்றது.

மெஷின் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் தலைவர் விடவில்லை. "என்ன கோளாறு மேடம்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

காற்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோளாறுக்குப் பொய்க் காரணம் சொல்லிப் பழகிவிட்டால், அடுத்த தடவை நாமே அந்தப் பொய்யை நம்பிவிடுவோம். "வால் பிளேடு ஒண்ணுல எடை கூடியிருந்துச்சு. எடுத்தாச்சு" என்றேன். அத்தனையும் உண்மை. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைவருக்குக் கண் நல்ல கண். பாய் கையில் இருந்த துணியைப் பார்த்துவிட்டார். "சந்தனமால்ல இருக்கு? அங்க போயி யாரு வச்சது?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். தனலட்சுமி பேசாமல் இருந்திருக்கலாம். எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, நாங்களும் சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் மரத்தடியிலிருந்து முன்னால் வந்தார். "நான்தாங்க வச்சேன்" என்றார்.

"அதான பாத்தேன்" என்றது, பூ யார் வீட்டுது என்று கேட்ட அந்தப் பழைய குரல். அதைத் தொடர்ந்து ஒரு முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

இப்போது நன்றாகக் கவனியுங்கள். நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, இருக்க வேண்டும். கோளாறு பிடிபட்டுவிட்டது என்று தோன்றினால், அதை மறுபடியும் வரவழைத்துப் பார்க்க வேண்டும். வரவழைக்க முடிந்தால்தான் அது காரணம். முடியாவிட்டால் அது நம்முடைய ஊகம், அவ்வளவுதான். வழக்கமாக அதை எங்களுக்காகச் செய்வோம். அன்றைக்கு ஊருக்காகச் செய்யலாம் என்று தோன்றியது.

"தலைவரே, இங்க வாங்க. தட்டுல சந்தனம் இருக்குல்ல? அதே எடத்துல நீங்க ஒரு பொட்டு வைங்க."

"நானா? நேரம் ஆவுது மேடம்."

"ஆவட்டும். நீங்க வச்சாத்தான் நான் தூக்குவேன்."

அதட்டலாகவே சொன்னேன். ரிமோட் என் கையில் இருக்கும் வரைக்கும் நான் சொல்வதுதான் சட்டம், அந்த ஒரு சுகத்துக்காகத்தான் இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். பாய் பேட்டரியைக் கழற்றிவிட்டு வால் பிளேடைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டு, மோதிர விரலால் பக்தியோடு ஒரு பொட்டு வைத்தார். எல்லோரையும் கயிற்றுக்கு அப்பால் தள்ளி நிறுத்தி, ஹெலியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினேன்.

ஆடியது பாருங்கள் ஓர் ஆட்டம்! ஈரச் சந்தனம், பாதி தெறித்து வால் குழாயெல்லாம் பூசிக்கொண்டது. மிச்சம் ஒட்டியிருந்ததற்கே அந்த ஆட்டம். இறக்கினேன்.

"தலைவருக்குக் கை கொஞ்சம் தாராளம்" என்றார் பாய்.

பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது அப்படியே பரவியது. தலைவர் தன் விரலைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நான் சிரிக்கவில்லை. "யாரு வச்சாலும் ஆடும். நான் வச்சாலும் ஆடும், ஐயரு வச்சாலும் ஆடும். அது சந்தனத்தோட எடை. வைக்கிறவங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன். பழைய குரல்காரர் எங்கே என்று தேடினேன். கருடனைப் பார்க்கிற பாவனையில் அண்ணாந்து நின்றிருந்தார்.

பாய் பிளேடையும் குழாயையும் துடைத்தார். இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன், வால் நின்றது, இறக்கினேன். நேரம் இல்லாத நேரத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். அடுத்து நான் செய்யப் போகிற காரியத்துக்கு ஹெலி துளி அசைந்தாலும் ஒரு பெண்ணின் மானம் போய்விடும். அந்த நிச்சயம் இல்லாமல் அவரைக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

"தனலட்சுமி, வாங்க. எங்க வச்சா ஆடாதுன்னு காட்டறேன், வைங்க."

அவர் அசையவில்லை. "வேணாங்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

சந்தனத் தட்டு தலைவர் கையில் இருந்தது. ஒரு கணம் அவர் என்னைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். கோயிலில் மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, தட்டை எடுத்துக்கொண்டு அவரே மைதானத்தைத் தாண்டிப் போய் அந்தம்மாவின் முன்னால் நீட்டினார். "வையிம்மா. நேரம் ஆவுது" என்றார்.

தனலட்சுமி வந்தார். ஹெலியின் மூக்கில், நான் காட்டிய இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் பொட்டு வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெலி ஓட்டப் போகிறவள் கண் கலங்கலாமா என்று என்னை நானே திட்டிக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மேலே தூக்கினேன். மரத்தைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டிப் போனது. குடத்தைச் சாய்த்த நேரத்துக்குச் சரியாகக் கூடையைத் திறந்தேன். பூ விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர் வேடிக்கை பார்க்கக் கூடாது, நான் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் எழுப்பிய சத்தத்தை வைத்துத்தான் பூ விழுந்ததைத் தெரிந்துகொண்டேன்.

"பாய், கூட்டத்துல எல்லாரும் கயித்துக்கு அந்தாண்ட இருக்காங்களா?" என்று கண்ணை எடுக்காமல் கேட்டேன்.

"இருக்காங்க. அந்தம்மா மொத வரிசைல நிக்குது தங்கச்சி" என்றார்.